லிஃப்ட் இல்லாத புளோக்

எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே வார்த்தைதான். "எத்தனை?"

கடைக்காரர் வாங்க உட்காருங்க என்பார். குடிக்க என்ன வேணும் என்பார். தன் கடை எப்படி ஆரம்பித்தது என்று கதையை எடுப்பார். அவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நிற்பாள். கதை முடியும்வரை காத்திருக்க மாட்டாள்.

"எத்தனை மெஷின் இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க."

நான் கேபிள் இழுக்கிறவன். கூரைக்கு மேலே, சுவர் ஓரமாக, தரைக்கு அடியில். படிப்பு பெரிதாக இல்லை. கேபிள் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதெல்லாம் அவள் வேலை. லாப்டாப்பைத் திறந்து நம்பர் போடுவாள். நான் ஏணியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேன்.

ஜொகூர்காரி. தினமும் பைக்கில் எல்லைப் பாலம் தாண்டி இந்தப் பக்கம் உட்லண்ட்ஸ் வந்துவிடுவாள். நான் மார்சிலிங்கிலிருந்து வேனை எடுத்துக்கொண்டு போய் ஏற்றிக்கொள்வேன். என்னைவிட ரொம்பச் சின்னவள். அவளுக்கு நான் அண்ணே. எனக்கு அவள் ம்மா. பேர் இங்கே வேண்டாம். அவளுக்குப் பிடிக்காது.

அவள் போடும் நம்பர்களில் ஒன்றுக்கு மாஸ்க் என்று பேர். சப்நெட் மாஸ்க். அதைத் தேர்ந்தெடுக்கத்தான் அந்த "எத்தனை". தேக்கா மார்க்கெட்டில் தோசை தின்றபோது ஒரு தடவை கேட்டேன், அது என்னம்மா என்று.

"உங்க அட்ரஸ்ல அடுக்குமாடி புளோக் நம்பர் இருக்கு, வீட்டு நம்பர் இருக்கு. புளோக் எதுவரைக்கும்னு சொல்றதுதான் மாஸ்க். உங்க புளோக் ஆளுன்னா நேரா போய்க் கதவைத் தட்டலாம். வேற புளோக்னா லிஃப்ட்ல இறங்கி வெளிய போகணும்."

"மெஷினுக்கும் லிஃப்ட் உண்டா?"

"உண்டு. அதுக்கு ஒரு நம்பர் தனியா போடணும்."

"புளோக்கைப் பெரிசா வெச்சா என்ன? எல்லாரும் நேரா தட்டிக்கலாமே."

"பெரிய புளோக்ல ஒருத்தன் கத்தினா அத்தனை பேரும் முழிக்கணும் அண்ணே. திருடன் உள்ள வந்தா அத்தனை கதவும் அவனுக்குத்தான்."

தோசையைப் பார்த்துத் தின்றாள்.

புளோக்கைச் சின்னதாக வைப்பாள். எப்போதும். இருப்பதற்குச் சரியாக, கொசுறாக ஒன்றிரண்டு. ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. பில் மெஷின், கிச்சன் பிரிண்டர், கேமரா என்று சேர்த்துப் பத்து இருந்தது. மாஸ்க்கின் கடைசியில் 240 போட்டாள். அதில் பதினாலு மெஷினுக்குத்தான் இடம்.

முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "தாராளமா போடும்மா. நாளைக்கு மாடியிலயும் கடை போடுவேன்."

"போடும்போது கூப்பிடுங்க."

"வெறும் நம்பர் லா. அதுல போயி என்ன கஞ்சத்தனம்?"

"சாப்பிட வர்றவன் போனும் உங்க பில் மெஷினும் ஒரே வீட்ல இருக்கணுமா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு பந்தி போட்டா பாதிப் பேர் பட்டினிதான்."

"பாதிப் பேரைக் கூப்பிடவே மாட்டேன்" என்றாள். சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

வேலையில் மட்டும் அப்படி என்றால் பரவாயில்லை. ஆளும் அப்படித்தான். தீபாவளிக்கு என் சம்சாரம் கூப்பிட்டாள். வந்தாள். இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்று ஒரு டப்பா பிஸ்கட்டைக் கொடுத்தாள்.

"உள்ள வாம்மா" என்றாள் சம்சாரம்.

"இல்லக்கா. பைக் கீழ நிக்குது."

"பைக்கை யாரு தூக்கிட்டுப் போகப் போறா? வா."

வரவில்லை. அவள் போன பிறகு சம்சாரம் கேட்டாள், "இது திமிரா, பயமா?" எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் ஒரே வேனில் போகிறோம். அந்தப் பக்கம் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கேட்டால் "வீட்ல ஆள் இருக்கு" என்பாள். கதவைச் சாத்துவது மாதிரி இருக்கும். சில நாள் எனக்கே கோபம் வரும். ஒரு மனுசனைக்கூடக் கிட்டே விடாதவளோடு எப்படி வேலை செய்வது?

ஆனால் அவள் கை வைத்த இடம் எதுவும் நின்றதில்லை. அதையும் சொல்லவேண்டும்.

உட்லண்ட்ஸில் ஒரு முதியோர் இல்லம். கட்டில் பக்கத்தில் ஒரு மணி இருக்கும். அமுக்கினால் நர்ஸ் கவுண்டரில் மணியடித்து, அங்கே இருக்கும் திரையில் அந்த அறைக்கு விளக்கு எரியும். அந்த மணிகளைப் போட்டது நாங்கள்தான். கேபிள் நான், நம்பர் அவள். மணிகளுக்கும் திரைக்கும் மட்டும் ஒரு சின்னப் புளோக். வேறு எதுவும் அதில் கிடையாது. லிஃப்ட் நம்பரைக் காலியாக விட்டாள்.

"மறந்துட்டியாம்மா?"

"இல்ல. மணிக்கு வெளிய என்ன வேலை? அது போகவும் வேண்டாம், வெளியாள் வரவும் வேண்டாம்."

ரொம்ப நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு இல்லத்துக்குப் புதுசாக எல்லாம் வேண்டியிருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு வைஃபை, நர்ஸ் கையில் டேப்லட், கூடுதல் கேமரா. எங்கள் பாஸ் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எல்லாவற்றையும் ஒரே புளோக் ஆக்கு. மாஸ்க் 255.255.252.0. ஆயிரம் மெஷின் வரும். ஒரே நாளில் வேலை முடியும்.

அவள் ஆபீசில் நின்று சொன்னாள். "மணியை அதுல சேர்க்காதீங்க பாஸ்."

"எல்லா மணியும் டேப்லட்ல வரணும்னு கேக்கறாங்க. சேர்க்காம எப்படி?"

"தனியா வெச்சு நடுவுல ஒரு சுவர் போடலாம். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாள் கிடையாது. உன் வொர்க் பாஸ் புதுப்பிக்க அனுப்பணும், தெரியுமில்ல? நான்தான் அனுப்பணும்."

வேலை செய்வதற்கான அனுமதி அது. அது இல்லையென்றால் பாலத்துக்கு இந்தப் பக்கம் அவளுக்குச் சோறில்லை. அவள் லாப்டாப்பை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தோம். மணிகளில் ஒவ்வொன்றாகப் பழைய மாஸ்க்கை எடுத்துப் புதியதைப் போட்டாள். கவுண்டரில் புதுத் திரை. அதற்குப் பெரிய புளோக்கில் புது நம்பர். ஒவ்வொரு அறையாக நான் போய் அமுக்கினேன். அவள் கவுண்டரில் நின்று விளக்கைப் பார்த்தாள்.

கடைசி அறையில் மட்டும் பெயிண்ட் வேலை. அங்கே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள், அந்த மணியில் மட்டும் மாஸ்க்கை மாற்ற முடியவில்லை. அந்த அறைத் தாத்தாவை வேறு கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவராம். தனியாக நடக்கக்கூடாதவர். ஒரு தடவை விழுந்து இடுப்பில் கம்பி வைத்திருந்தார்கள்.

"நாளைக்குத்தான் ரூமுக்குத் திரும்புவார்" என்றார் மேனேஜர் அம்மா. தலையில் தூடோங் முக்காடு அணிந்த தமிழ் அம்மா. கறாரானவர்.

"நாளைக்கு நான் வந்து மாத்தினப்புறம் அனுப்புங்க" என்றாள் இவள். அவர் சரி என்றார்.

மதியத்துக்குமேல் தேக்கா பக்கம் ஒரு சேலைக் கடைக்குப் போனோம். மாலையில் தள்ளுபடி விற்பனை, பில் மெஷின்கள் ஒன்றும் ஓடவில்லை. முதலாளி வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து வேலையில் இருந்தபோது போன் வந்தது. இல்லத்து நர்ஸ், தமிழ்நாட்டுப் பெண். வைஃபை பாஸ்வேர்டு கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டபடி சொன்னாள் இவள்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. பெயிண்ட் ரூம் தாத்தா மக வந்திருந்தாங்க, அவங்கதான் கேட்டாங்க. தாத்தா ரூம் சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க."

இவள் கை நின்றது. "ரூமுக்கு எப்ப வந்தாரு?"

"நீங்க போன கொஞ்ச நேரத்துலயேக்கா. பெயிண்ட் சீக்கிரம் காஞ்சிருச்சு. அவருதான் ஒரே சண்டை, என் கட்டிலுக்கு விடுங்கன்னு."

"கரண்ட் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"பெல் அமுக்கிப் பாத்தீங்களா?"

"அவர் கூப்பிடவே இல்லக்கா. விளக்கே எரியல. தூங்குறாரு போல. வேணும்னா அமுக்குவாருல்ல?"

"இப்பப் போய்ப் பாருங்க. அவரு அமுக்கினாலும் எரியாது."

"சரிக்கா, மருந்து குடுத்துட்டு இருக்கேன், முடிச்சுட்டு..." பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். போன் வைக்கப்பட்டது.

திருப்பி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மேனேஜர் அம்மாவுக்கு அடித்தாள். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று குறுஞ்செய்தி வந்தது.

"என்னம்மா?" என்றேன்.

"அந்த மணி பழைய மாஸ்க்லயே முழிச்சிருக்கு அண்ணே. திரை ஒவ்வொரு மணியா கேக்கும், உன்னை அமுக்கினாங்களான்னு. மணிக்கு அது காதுல விழும். ஆனா கேக்கறவன் வேற புளோக்குன்னு நினைச்சுக்கும். பதில் சொல்ல லிஃப்டைத் தேடும்." நிறுத்தினாள். "லிஃப்ட் நான் வைக்கல."

"இங்கிருந்தே உள்ள போய் மாத்த முடியாதா?"

"முடியாது. யாரும் முடியாதபடிதான் வெச்சேன்."

லாப்டாப்பை மூடினாள். சேலைக் கடை முதலாளி குறுக்கே வந்து நின்றார். "எங்கம்மா போறே? ஆளு வர்ற நேரம்!" அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். நான் பின்னால் ஓடினேன்.

எக்ஸ்பிரஸ்வேயில் மழை. வண்டிகள் நகரவில்லை. பாஸ் கூப்பிட்டார்.

"கடையை விட்டுட்டு எங்க போறே?"

"இல்லத்துக்கு."

"ஒரு பெல்லுக்கா? நாளைக்குப் போ."

"இன்னைக்கு ஆள் இருக்காரு பாஸ்."

"இப்பத் திரும்பலன்னா உன் பேப்பரை நான் அனுப்ப மாட்டேன். சொல்லிட்டேன்."

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். நான் அவளைப் பார்த்தேன். திரும்பச் சொல்வாளோ என்று. "லெஃப்ட் லேன்ல போங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான். நெற்றியில் வியர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இல்லத்து நம்பரை விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவை மட்டும் வேறு யாரோ எடுத்தார்கள். "ஸ்கிரீன் எல்லாம் ஓகே லா, நோ காலிங்" என்று வைத்துவிட்டார்கள்.

இல்லத்தில் வேன் நிற்குமுன் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். நான் வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினேன். கவுண்டரில் யாருமில்லை. திரை சுத்தமாக இருந்தது. ஒரு விளக்குகூட இல்லை.

கடைசி அறை. தாத்தா எழுந்து நின்றிருந்தார். ஒரு கை கட்டில் கம்பியில். மறு கை அலமாரியைத் தொடப் பார்க்கிறது, எட்டவில்லை. முட்டி இரண்டும் ஆடுகிறது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது. காலடியில் ஈரம்.

யாரையும் தொடாதவள். கேட்டுக்கு உள்ளே வராதவள். போய் அவர் கக்கத்துக்குள் தோளைக் கொடுத்தாள். இடுப்பைச் சேர்த்துப் பிடித்தாள். அவர் பாரம் முழுக்க அவள்மேல் சாய்ந்தது. நான் அந்தப் பக்கம் பிடித்தேன். மெல்ல உட்கார வைத்தோம்.

அவர் மூச்சு வாங்கினார். "யாரு நீ?"

"பெல் போடுறவங்க தாத்தா."

"பெல்லா?" கட்டிலோரம் கிடந்த மணியைக் காட்டினார். "அமுக்கினேன், அமுக்கினேன். ஒருத்தரும் வரல. நேத்து சோத்துல உப்பில்லன்னு கத்தினேன். அந்தக் கோவம்னு நினைச்சேன். சரி, நம்மளே போயிக்கலாம்னு எந்திரிச்சேன்."

"கோவம் இல்ல தாத்தா."

"பின்ன?"

"நான் செஞ்சது."

அவருக்குப் புரியவில்லை. சாரத்தைக் கையால் மூடிக்கொண்டார். "வெளிய போம்மா. பொம்பளப் புள்ள" என்றார். அப்போதுதான் நர்ஸ் மருந்துத் தட்டோடு ஓடி வந்தாள்.

அவர் விழவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். நானாக இருந்தால் மாஸ்க்கை மாற்றிவிட்டுப் பேசாமல் வந்திருப்பேன். அவள் மாஸ்க்கை மாற்றினாள். அமுக்கிப் பார்த்தாள். பிறகு நேராக மேனேஜர் அம்மா அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னாள்.

"அந்த ரூம் மணி மதியத்துலேர்ந்து ஊமையா இருந்துச்சு. வழி வைக்காம விட்டது நான். பெரிய புளோக்ல சேர்த்ததும் நான். நாளைக்குன்னு உங்ககிட்ட வாயால சொன்னேன், நர்ஸ்கிட்ட சொல்லல."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அவர் விழுந்திருந்தா?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். விழல. அதான் நான் சொல்றேன்."

பாஸ் அன்றைக்கே வந்தார். கார் நிறுத்தும் இடத்தில் வைத்துக் கத்தினார். "ஒண்ணும் ஆகல இல்ல? உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னா?" அவள் தரையைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. மழை விட்டிருந்தது. கத்திக் கத்தி அவருக்கே ஓய்ந்துவிட்டது.

பேப்பர் போகவில்லை. மாசக் கடைசியோடு அவள் வேலை முடிந்தது.

ஆனால் மேனேஜர் அம்மா ஒன்று சொல்லிவிட்டார். மணிகளைத் திரும்பச் சரிசெய்வது அந்தப் பெண்தான். வேறு ஆள் வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். பாஸால் மறுக்க முடியவில்லை. அவள் கேட்ட இரண்டு நாள் கிடைத்தது.

திரும்பவும் மணிகளுக்கும் திரைக்கும் தனிப் புளோக். நடுவில் சுவர். டேப்லட்டுக்குத் திரையிலிருந்து மட்டும் அந்தச் சுவரில் ஒரே ஓட்டை. மாஸ்க் போடும் இடத்தில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. சின்னதாகத்தான் போட்டாள். மணிகளில் லிஃப்ட் நம்பரைத் திரும்பவும் காலியாக விட்டாள்.

"இன்னுமாம்மா?" என்றேன். எனக்கே குரல் உயர்ந்துவிட்டது. "அன்னைக்கு நடந்தது போதாதா?"

"புளோக் சரிதான் அண்ணே. நான் நம்பினதுதான் தப்பு."

"எதை?"

"சத்தம் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு."

நர்ஸ்களைக் கூப்பிட்டாள். காலை டீ கொடுக்குமுன் எல்லா அறையிலும் அமுக்கச் சொல்லணும் என்றாள். தினமும். அமுக்க முடியாதவருக்கு நீங்களே அமுக்கணும். விளக்கு வராத அறைக்கு டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடணும்.

"தினமுமாக்கா? எங்களுக்கு இருக்கற வேலையில..." என்றாள் அந்தத் தமிழ்நாட்டுப் பெண்.

"தினமும்."

மேனேஜர் அம்மா தலையாட்டினார். அவள் என்னிடமும் போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வேன் கண்ணாடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அந்தப் பக்கம் என்ன வேலை செய்கிறாளோ தெரியாது. அவளிடம் இருந்தது கம்பெனி போன். இப்போது அந்த நம்பரை வேறு ஆள் எடுக்கிறார்.

சில மாதம் கழித்து அதே இல்லத்தில் கேமரா கேபிள் மாற்றப் போனேன். காலை நேரம். ஏணிமேல் இருந்தேன். டீ வண்டி வந்தது. முதல் அறை மணி அடித்தது. நர்ஸ் திரையைப் பார்த்து "சரி பாட்டி" என்று குரல் கொடுத்தாள். அடுத்த அறை. அதற்கடுத்தது. சிலர் உள்ளிருந்து சிரித்தார்கள். ஒருவர் மலாயில் திட்டினார். வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

கடைசி அறை அடிக்கவில்லை.

நர்ஸ் திரையைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. கையிலிருந்த கோப்பையை வண்டியில் வைத்தாள். டீ தளும்பிக் கொட்டியது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். இன்னொரு பெண்ணும் பின்னால் ஓடினாள். நான் கேபிளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தாத்தா, ஏன் அமுக்கல?" என்று நர்ஸின் குரல்.

"ஒரு கையில பல் பிரஷ்ஷு, ஒரு கையில கப்பு. எதால அமுக்க? மூக்காலயா?"

"பயந்தே போய்ட்டேன் தாத்தா."

"பயப்படு, பயப்படு. இந்தா."

மணி அடித்தது. திரையில் அந்த அறைக்கு விளக்கு வந்தது. நான் கேபிளை இழுத்தேன்.